பாசிச் சாற்றைச் சோதிக்க எந்தச் செல்லை வளர்ப்பது?

பாம்பனில் பாசி எடுக்கும் ஒரு அம்மாவின் மகள், எம்.எஸ்சி. முடித்த கையோடு என்னிடம் கேட்டாள்: "அண்ணே, மரிக்கொழுந்து, கட்டக்கோரைப் பாசிச் சாறு ரத்தக்குழாய் அடைப்பைத் தடுக்குமான்னு பாக்கணும். எந்தச் செல்லை வளக்கட்டும்?"

பலரும் முதலில் எடுப்பது டிஎச்பி-1. ரத்தப் புற்றுநோய் வந்த ஒரு வயதுக் குழந்தையின் ரத்தத்திலிருந்து வந்த செல்வரிசை, 1980-ல் வெளியானது. ஓயாமல் பெருகும், உறையவைத்து வேண்டும்போது எடுக்கலாம். பி.எம்.ஏ. என்ற வேதிப்பொருளைச் சேர்த்தால் தட்டில் ஒட்டி, விழுங்கும் வெள்ளணுவான மேக்ரோஃபேஜ் ஆகும். ஆக்சிஜனேற்றம் அடைந்த எல்.டி.எல். (கெட்ட கொழுப்பு) கொடுத்தால் அதை விழுங்கி, ரத்தக்குழாய் அடைப்பில் காணும் நுரைச்செல் ஆகும். சாயமேற்றினால் கொழுப்பு சிவப்புத் துளிகளாகத் தெரியும். துளி குறைந்தது என்று உடனே மகிழக் கூடாது, செல் செத்தும் குறைந்திருக்கலாம். கடலில் பிடுங்கிய பாசியில் பாக்டீரியாவும் ஒட்டி வரும். அதன் எண்டோடாக்சின் என்ற நச்சு இந்தச் செல்லை வீணாகச் சீண்டிவிடும்.

தமனியின் மென்தசைச் செல் இன்னொரு வழி. தட்டில் வைத்ததும் சுருங்கும் குணம் குறைந்து பெருகத் தொடங்கும். நோயிலும் ஏறக்குறைய அதுதான் நடக்கிறது. ஆனால் விலை அதிகம், தொடக்கத்துக்கு வேண்டாம்.

என் மனம் ஹுவெக் பக்கம்தான். பிரசவத்துக்குப் பின் தூக்கி எறியும் தொப்புள்கொடியின் சிரையிலிருந்து உள்சுவர்ச் செல்லைப் பிரித்து வளர்க்கும் முறை 1973 முதல் நன்றாகப் புழங்குகிறது. புற்றுநோய்ச் செல் அல்ல, மனிதரின் இயல்பான செல். குறை என்றால், இது தமனி இல்லை, சிரை. சில தலைமுறைக்கு மேல் குணம் மாறிவிடும். ஒவ்வொரு கொடியும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொள்ளும்.

ஆனாலும் இதை அசையாத தட்டோடு நிறுத்தினால் பாதி வேலைதான். பாம்பன் பாலத்துத் தூண் பக்கம் பாருங்கள்: நேராக ஓடும் நீரோட்டம் ஒரு மாதிரி, தூணில் மோதிச் சுழலும் இடம் வேறு மாதிரி. ரத்தக்குழாயிலும் அடைப்பு பெரும்பாலும் கிளை பிரியும் இடத்திலும் வளைவிலும்தான் பிடிக்கிறது. பம்பு வைத்துச் சீராகத் திரவத்தை ஓட்டினால் செல்கள் ஓட்டத்தின் திசையில் நீண்டு படுக்கும், அழற்சி அடங்கும். ஓட்டம் முன்னும் பின்னுமாகத் தடுமாறினால் ஒட்டுப் புரதங்கள் கூடி, வெள்ளணுக்கள் வந்து ஒட்டும். அங்கே டிஎச்பி-1-ஐ மிதக்கவிட்டு, சாறு கொடுத்த பிறகு எத்தனை ஒட்டுகிறது என்று எண்ணலாம். இரண்டு செல்லுக்கும் வேலை வந்துவிடும்.

தொப்புள்கொடிக்குத் தாயின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் நெறிமுறைக் குழு அனுமதியும் வேண்டும். "அந்த விண்ணப்பத்தை இன்னைக்கே எழுது, அதுக்குத்தான் நாளாகும். அதுவரைக்கும் சாற்றில் எண்டோடாக்சின் இருக்கான்னு பாரு" என்றேன்.