பெட்டாலிங் ஜெயா சிட்டி எஃப்சி: நான்கு சீசனில் முடிந்துபோன ஒரு கால்பந்துச் சேவை

மலேசியாவின் பெட்டாலிங் ஜெயா சிட்டி எஃப்சி, 2019 முதல் 2022 வரை அந்நாட்டின் முதல்நிலைப் போட்டியான சூப்பர் லீக்கில் நான்கு சீசன்கள் ஆடிவிட்டு, 2023 சீசன் தொடங்குவதற்கு முன்பே தானாக விலகிக்கொண்டது. டிக்கெட்டும் சட்டையும் விற்று, நம்முடைய வார இறுதி மாலைகளையும் கேட்டு வாங்கிக்கொள்கிற எந்த அமைப்பும் ஒரு சேவைதான் என்பதால், ஓர் உணவகத்தை எடைபோடுவது போலவே இந்த அணியையும் எடைபோடலாம். சென்னையில் உட்கார்ந்துகொண்டு இதை எழுத எனக்கு இரண்டு காரணங்கள் உண்டு. மலேசியத் தமிழர்கள் பெரும்பங்கு வகித்து அடிமட்டத்திலிருந்து வளர்த்த அணி இது என்பது ஒன்று. ஏறக்குறைய இதே காலத்தில், இதே வேகத்தில் ஏறி இறங்கிய ஓர் அணி நம் ஊர்ப் பெயரைத் தாங்கியிருந்தது என்பது மற்றொன்று.

மலேசியக் கால்பந்தில் தமிழர்களுக்குப் பழைய இடம் இருக்கிறது. ரப்பர்த் தோட்டங்களில் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் இருந்ததைப் போலவே ஒரு திடலும் இருந்தது. ரப்பர் பால் எடுக்கும் வேலை முடிந்த மாலைகளில் அங்கே பந்து உருண்டது. 'ஸ்பைடர்மேன்' என்று நாடே கொண்டாடிய கோல்கீப்பர் ஆர். ஆறுமுகம், தற்காப்பு வீரர் எம். சந்திரன், பயிற்சியாளராக இருந்து 2010இல் தென்கிழக்காசியக் கோப்பையை மலேசியாவுக்கு வாங்கிக் கொடுத்த கே. ராஜகோபால் என்று வரிசை நீளமானது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரங்களின் அடுக்குமாடிகளுக்கு இடம்பெயர்ந்தபோது, வேலையும் வீடும் போனதோடு திடலும் போயிற்று. தேசிய அணியில் இந்திய வம்சாவளி இளைஞர்களின் எண்ணிக்கை மெலிந்துபோனது பற்றி அங்குள்ளவர்கள் பேசும்போது, இந்தத் திடல் போன கதையைச் சொல்லாமல் முடிப்பதில்லை. மலேசிய இந்தியர் கால்பந்துச் சங்கமான மீஃபா தன் பெயரில் ஓர் அணியை நடத்தியதை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். தேசிய லீக்கில் ஓர் அணி இருந்தால், அதைக் காட்டிப் பத்து வயதுப் பையனின் பெற்றோரைச் சம்மதிக்க வைக்கலாம்.

ஏற்றம் விரைவாகவே நடந்தது. எம்ஐஎஸ்சி-மீஃபா என்ற பெயரில், மூன்றாம் நிலையில் இருந்த எஃப்ஏஎம் லீக்கிலிருந்து மேலேறி 2017இல் இரண்டாம் நிலையான பிரீமியர் லீக்குக்கு வந்த அணி, 2019இல் சூப்பர் லீக்கையே எட்டிவிட்டது. அதற்குள் நேரடி விற்பனைத் தொழிலில் பெயர்பெற்ற கியூஐ குழுமம் உரிமையாளராகி, அணியின் பெயரும் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்று மாறியிருந்தது. பணம் இல்லாமல் முதல்நிலை லீக்கில் காலெடுத்து வைக்க முடியாது என்பதால் இந்த மாற்றத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நாடு முழுவதும் சிதறிக் கிடக்கும் ஒரு சமூகத்தின் அணி, ஒரே மாலையில் ஒரு நகரத்தின் அணி ஆகிவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். ஈப்போவிலும் கிள்ளானிலும் இருந்த பழைய அபிமானிக்கு அந்த நகரப் பெயரால் ஆவது ஒன்றுமில்லை. அந்த நகரத்துக்காரனுக்கோ அணியின் முந்தைய கதை தெரியாது.

ஆட்டத்தின் தரத்தைப் பற்றிச் சொல்வதானால், கே. தேவன், பி. மணியம் ஆகிய பயிற்சியாளர்களின் கையில் இருந்த இந்த அணி எந்தக் கோப்பையையும் வெல்லவில்லை. 2014 முதல் ஒவ்வொரு ஆண்டும் ஜோகூர் டாருல் தாக்சிம் அணியே பட்டம் வென்று வரும் லீக்கில், பட்டத்தைக் கணக்கில் வைத்து மற்ற எந்த அணியையும் மதிப்பிட முடியாது. பெட்டாலிங் ஜெயா சிட்டி விற்ற சரக்கு வேறு. 2022 சீசனில் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவரைக்கூடச் சேர்க்காமல், முழுக்க உள்நாட்டு இளைஞர்களை வைத்தே சூப்பர் லீக்கில் இறங்கியது. எதிரணிகளின் முன்வரிசையில் பிரேசில்காரரும் ஆப்பிரிக்கரும் நிற்க, இங்கே மலாய், தமிழ், சீனப் பெயர்கள் மட்டுமே நின்றன. செலவைக் குறைக்கத்தான் அப்படிச் செய்தார்கள் என்று ஒருவர் வாதிடலாம், இருக்கட்டும். வெளிநாட்டு ஸ்ட்ரைக்கருக்குப் பந்தைத் தட்டிவிட்டு ஒதுங்கி நிற்கும் வேலையிலேயே காலம் கழிக்கிற உள்ளூர் முன்கள வீரனுக்கு, பெனால்டி பகுதிக்குள் தானே முடிவெடுக்க வேண்டிய நிமிடங்கள் கிடைத்தன. ஆட்டக்காரனுக்கு அளித்த சேவை என்ற அளவில் இந்த அணிக்கு நான் தாராளமாகவே மதிப்பெண் போடுவேன்.

பார்வையாளனுக்கு அளித்த சேவை வேறு கதை. மலேசிய நேரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. அங்கே இரவு 9 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் சென்னையில் மாலை 6.30க்கு, தேநீர் வேளையில் தொடங்கிவிடும் என்பதால், நம்மைப் போன்ற தொலைதூர ரசிகனுக்கு இதைவிட வசதியான லீக் அமையாது. திரையில் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது காலி நாற்காலிகள். அணியின் சொந்த மைதானமான, கெலானா ஜெயாவில் உள்ள எம்பிபிஜே ஸ்டேடியத்தில் ஏறக்குறைய 25,000 பேர் உட்காரலாம். கேமரா பந்தைத் துரத்திக்கொண்டு பக்கக்கோட்டுக்குப் போகும்போதெல்லாம் பின்னால் வரிசை வரிசையாக வெற்றிருக்கைகளே ஓடும். பெஞ்சில் இருப்பவர் போடும் சத்தம் வர்ணனையாளரின் குரலை மீறிக் கேட்கும்.

கிள்ளானில் இருக்கும் என் மாமாவிடம் ஒருமுறை இதைப் பற்றிக் கேட்டேன். "போயி பாத்தேன்டா, நல்லாத்தான் ஆடுறானுங்க. ஆனா சிலாங்கூர்னா அது அப்பா காலத்துலேர்ந்து வந்தது, அத விட்டுட்டு வர முடியுமா?" என்றார். அணியின் வீழ்ச்சியை ஆராய வேறு பெரிய ஆய்வு தேவையில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. மலேசியாவில் ரசிகன் மாநிலத்துக்குச் சொந்தம். 1921இல் தொடங்கிய மலேசியக் கோப்பையே மாநிலங்களுக்கு இடையிலான பகையை வைத்து வளர்ந்ததுதான்; அதை 33 முறை வென்ற சிலாங்கூர் மாநிலத்தின் நடுமடியில் இருக்கிறது பெட்டாலிங் ஜெயா. போதாக்குறைக்கு, ஷா ஆலம் ஸ்டேடியம் மூடப்பட்ட பிறகு சிலாங்கூர் அணியும் இதே எம்பிபிஜே மைதானத்துக்கே ஆட வந்துவிட்டது. ஒரே கட்டடத்தில் ஒரு மாலை நிறைந்த கூட்டமும் மறு மாலை கைவிரல் விட்டு எண்ணக்கூடிய கூட்டமுமாக நடந்தால், இரண்டாவது அணியின் உரிமையாளர் எத்தனை காலம் பொறுப்பார்?

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். கிடைத்த நான்கு சீசனில் 2020ஐயும் 2021இன் பெரும்பகுதியையும் கொரோனா விழுங்கிவிட்டது. 2020இல் லீக் ஒரே சுற்றாக, அணிக்கு 11 ஆட்டங்களோடு முடிந்தது. அந்த ஆண்டு மலேசியக் கோப்பையும் கைவிடப்பட்டது. புதிய அணி ஒன்று தன் ரசிகனைத் தேடிப் பிடிக்க வேண்டிய வயதில் மைதானக் கதவே பூட்டியிருந்தது. பக்கத்துப் பள்ளிகளுக்கு இலவச டிக்கெட் கொடுத்திருக்கலாமே, தமிழ்ப் பள்ளிகளிலிருந்து பேருந்தில் பிள்ளைகளை அழைத்து வந்திருக்கலாமே என்றெல்லாம் இங்கிருந்து சொல்வது எளிது.

2022 முடிவில் மூன்று அணிகள் சூப்பர் லீக்கிலிருந்து மறைந்தன. மலாக்கா யுனைடெட்டும் சரவாக் யுனைடெட்டும் உரிமம் கிடைக்காமல் வெளியேறின. பெட்டாலிங் ஜெயா சிட்டி தானே வெளியேறியது. வாடிக்கையாளன் என்ற முறையில் எனக்கு இந்த மூன்றாவது வகைதான் அதிகம் உறுத்துகிறது. கடனில் மூழ்கிய அணியை மீட்க ரசிகர்கள் உண்டியல் குலுக்கலாம், ஊர்வலம் போகலாம். உரிமையாளர் போதும் என்று முடிவெடுத்த அணிக்கு என்ன செய்வது? ஒரே பணப்பையில் வாழும் அணிகளுக்கு இது புதிதும் இல்லை. 2004இல் சூப்பர் லீக் தொடங்கிய முதல் பத்தாண்டுக்குள்ளேயே பப்ளிக் பேங்க், குவாலா மூடா நாசா, யுபிபி-மைடீம் என்று நிறுவனங்களின் தயவில் வந்த அணிகள் மேல்தட்டைத் தொட்டுவிட்டுக் காணாமல் போயின. இந்த முன்கதை தெரிந்திருந்தும், அணியின் ஒரு சிறு பங்கையாவது ரசிகர் கையிலோ மீஃபாவின் கையிலோ அசைக்க முடியாதபடி வைக்காமல் விட்டதே அடிப்படைக் குறை என்பது என் எண்ணம்.

நம் ஊர் சென்னை சிட்டி எஃப்சியை இதன் அருகில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. 2016-17இல் இந்தியாவின் தேசியக் கால்பந்துப் போட்டியான ஐ-லீக்குக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஆடிய அந்த அணி, அடுத்த சீசனிலேயே கோயம்புத்தூருக்குக் குடிபெயர்ந்தது. சென்னை என்ற பெயரை மட்டும் விடாமல் எடுத்துக்கொண்டு போனது. 2018-19இல் சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸின் பயிற்சியில், 21 கோல் அடித்த பெட்ரோ மான்சியின் துணையோடு 43 புள்ளிகள் எடுத்து, ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் பின்தள்ளிப் பட்டத்தை வென்றது. சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாஸெல் அதில் பங்கு வாங்கியது. 2020-21க்குப் பிறகு ஐ-லீக் பட்டியலில் அந்தப் பெயரே இல்லை. பட்டம் வென்றது ஒன்று, வெல்லாதது மற்றொன்று; முடிவில் ஒரு வித்தியாசமும் இல்லை. இரண்டும் விட்டுச் சென்றவை ஆட்டக்காரர்களை மட்டுமே: மைக்கேல் சூசைராஜும் எட்வின் சிட்னி வன்ஸ்பாலும் சென்னை சிட்டியில் ஆடித் தேறித்தான் இந்தியன் சூப்பர் லீக்கான ஐஎஸ்எல்லுக்குப் போனார்கள்.

சட்டையைப் பற்றி ஒரு குறிப்பு. நேரு ஸ்டேடியத்தை ஒட்டிய பெரியமேட்டு விளையாட்டுக் கடை ஒன்றில், பார்சிலோனாவும் சென்னையின் எஃப்சியும் தொங்கிய வரிசைக்கு நடுவே, பெட்டாலிங் ஜெயா சிட்டி ஜெர்சி கிடைக்குமா என்று கேட்டுப் பார்த்தேன். கடைக்காரர் புருவத்தைக்கூட உயர்த்தவில்லை. "லோகோவ வாட்ஸ்அப்ல அனுப்புங்க சார், சப்ளிமேஷன்ல அடிச்சுத் தர்றோம். பதினஞ்சு பீஸ் எடுத்தா ரேட் கொறையும்" என்றார். நடத்துபவர் இல்லாத அணிக்கு வியாசர்பாடி ஐவர் கால்பந்துக் குழு ஒன்று சட்டை தைத்துக்கொள்வதை யாரும் தடுக்கப் போவதில்லை. துணியும் பழுதில்லை, வியர்வையை நன்றாக உறிஞ்சும் டாட் நிட்.

ஆட்டக்காரர்களை வளர்த்ததற்கு ஐந்தில் நான்கு, ஆட்டத்துக்கு மூன்று, ரசிகனை நடத்திய விதத்துக்கு இரண்டு, நீடித்து நின்றதற்கு ஒன்று என்று கொடுப்பேன். அணியை இனி நேரில் பார்க்க வழியில்லை என்பதால் பரிந்துரை அதன் வீட்டுக்குத்தான்: கோலாலம்பூர் போகிறவர்கள், சிலாங்கூர் அங்கே ஆடும் நாளாகப் பார்த்து எம்பிபிஜே ஸ்டேடியத்துக்குப் போகலாம். கெலானா ஜெயா எல்ஆர்டி ரயில் தடத்தில் இறங்கி, அங்கிருந்து கிராப் செயலியில் ஒரு வாடகை வண்டி பிடிப்பது எளிது. பெரிய ஆட்டமென்றால் டிக்கெட்டை முன்பே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள்.