பம்பிப் புஷ்ஷுக்குப் பிளாஸ்மாப் பூச்சு: நான்கு போகங்களின் பின்

கிளிநொச்சியிலுள்ள எங்கள் அரிசி ஆலையில், நெல் ஊறவைக்கும் தொட்டிகளுக்கு நீரிறைக்கும் பம்பியின் தண்டில் உறையாக மாட்டியிருக்கும் புஷ்ஷைப் போகத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டிருந்தோம். கிணற்று நீரோடு வரும் நுண்மணல், நீர் கசியாமல் புஷ்ஷைச் சுற்றி அடைக்கும் பெக்கிங் கயிற்றில் சிக்கி, தண்டோடு சுழலும் புஷ்ஷை அரித்துவிடும். நகத்தை வைத்து இழுத்தாலே பள்ளம் தட்டுப்படும். வெல்டிங்கால் நிரப்பிக் கடைந்தபோது, சூட்டில் புஷ் கோணிப்போனது.

பம்பி உதிரிப்பாகம் வாங்கக் கோயம்புத்தூர் போன மச்சான், அங்கே ஒரு புஷ்ஷுக்குப் பிளாஸ்மா முறையில் குரோமியம் ஒட்சைட்டு என்னும் பீங்கான் பூச்சுப் போடுவித்து வந்தார். இரண்டு மாதத்தில் அது செதில் செதிலாக உரிந்தது. உரிந்த இடத்தில் உருக்கு வழுவழுப்பாக இருந்ததைக் கண்டபோதுதான் காரணம் விளங்கிற்று. இந்தப் பூச்சு உலோகத்தோடு உருகிக் கலப்பதில்லை. பெரும்பாலும் சொரசொரப்பைப் பற்றிக்கொண்டே நிற்கிறது. ஆகவே அடுத்ததை வேறு பட்டறையில் கொடுத்து, மச்சான் பக்கத்திலேயே நின்று பார்த்தார்.

முதலில் கூர்மையான அலுமினா மணலை வீசி மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கினார்களாம். பிறகு, தங்குதன் முனைக்கும் நீரால் குளிரூட்டப்படும் செப்பு நாசிக்கும் இடையே எரியும் மின்வில்லினூடாக ஆகனும் ஐதரசனும் பாய்ந்து, 10,000 பாகை செல்சியசையும் தாண்டிய பிளாஸ்மாவாக, அதாவது மின்னேற்றம் பெற்ற கொதிவாயுவாக வெளிவர, அதில் ஊட்டப்படும் தூள் உருகிப் பறந்து, புஷ்ஷில் மோதித் தோசைமா போல் தட்டையாகப் பரவி உறைகிறது. குரோமியம் ஒட்சைட்டு உருகுவதற்கு 2,400 பாகைக்கு மேல் வேண்டும். ஆனாலும் பிளாஸ்மாவைப் பீய்ச்சும் துப்பாக்கி நகர்ந்துகொண்டே இருப்பதாலும் காற்றடித்துக் குளிர்விப்பதாலும் புஷ்ஷின் சூட்டை 200 பாகைக்குள் அடக்கிவிடலாம். கோணல் வராததன் இரகசியம் அதுதான். அடியில் நிக்கல் குரோம் படை, மேலே 0.3 மில்லிமீற்றர் பீங்கான் படை, நுண்துளைகளை அடைக்க ஒரு பிசின், கடைசியில் வைரக்கல்லால் அரைப்பு.

விலை சாதாரணப் புஷ்ஷைப்போல் மூன்று மடங்கு. இரண்டு காலபோகமும் இரண்டு சிறுபோகமும் கடந்து அண்மையில் கழற்றியபோது, கருங்கண்ணாடி போன்ற மினுக்கம் அப்படியே இருந்தது, மைக்ரோமீற்றரில் 0.04 மில்லிமீற்றரே குறைந்திருந்தது. பெக்கிங் கயிறுதான் இப்போது முந்தித் தேய்கிறது, அது மலிவு.

குறையும் உண்டு. கழற்றும்போது பையன் சுத்தியலால் தட்டியதில் விளிம்பில் உளுந்தளவு சில்லொன்று தெறித்துவிட்டது. வற்றிய கிணற்றில் பம்பியை வெறுமனே ஓடவிட்டாலும் சூடேறி வெடிப்பு விழுமென்று மச்சான் சொன்னதால், தண்ணீர் இறங்கினால் மோட்டரை நிறுத்தும் மிதவையொன்றைப் போன கிழமை பூட்டியிருக்கிறோம்.