மேசை ரம்பத்துக்குச் சக்கர ஸ்டாண்ட் செய்யக் கொடுக்கிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

திருச்சியில் என் வீட்டு கார் ஷெட்தான் என் பட்டறை. 10 அடிக்கு 16 அடி. சனி, ஞாயிறில் மரவேலை நடக்கும், ராத்திரி ஆனால் கார் உள்ளே வந்தாக வேண்டும். அதனால் ரம்பம், வேலை மேசை எல்லாமே சக்கரத்தில் உருண்டு சுவரோரம் போய் நிற்க வேண்டும். இப்படி இடமில்லாமல் வீட்டில் மரவேலை செய்கிற எல்லாருக்கும் இந்தத் தேவை உண்டு. அதை வைத்துத்தான் என்னை ஏமாற்றினார்கள்.

போன ஆடியில் 10 அங்குல பிளேடு போடுகிற டேபிள் சா ஒன்று வாங்கினேன். எடை 25 கிலோவுக்கு மேல். அதன் மேல்தட்டு சின்னது. ஒரு முழு பிளைவுட் ஷீட் 8 அடிக்கு 4 அடி, 18 எம்.எம். என்றால் 30 கிலோவைத் தாண்டும். அதைத் தனி ஆளாக அறுக்கவேண்டுமானால் பக்கத்திலும் பின்னாலும் மரத்தைத் தாங்க இடம் வேண்டும். ஆகவே நடுவில் ரம்பம் இறங்கி உட்கார, சுற்றிலும் மேசை, அடியில் சக்கரம், இதற்கு நானே படம் வரைந்தேன். வெல்டிங் எனக்கு வராது. துவாக்குடிப் பக்கம் இரும்பு வேலைப் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை, தெரிந்தவர் ஒருவர் சொன்ன பட்டறைக்குப் போனேன். பெயரை இங்கே எழுதவில்லை, விஷயம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கிறது.

பேசியது இதுதான். ஒன்றரை அங்குல எம்.எஸ். (சாதாரண இரும்பு) சதுரக் குழாய், தடிமன் 14 கேஜ். மேலேயும் உள்ளேயும் 710 கிரேடு, அதாவது தண்ணீர் தாங்கும் ரகப் பிளைவுட். 4 அங்குல காஸ்டர் வீல் நான்கு, நான்கிலும் ஃபுல் லாக். மொத்தம் 38,000 ரூபாய், அட்வான்ஸ் 25,000. ரம்பத்தையும் கொண்டுவந்து விடுங்கள், அளவு பார்த்துச் சரியாக உட்கார வைக்க வேண்டும் என்றார் பட்டறைக்காரர். அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை, கொண்டுபோய் விட்டேன். பில் கேட்டதற்கு, “முடிஞ்சதும் மொத்தமா போட்டுத் தர்றேன் சார்” என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். இரண்டு வாரம் என்றது ஐந்து வாரமாயிற்று.

ஒருநாள் ராத்திரி எட்டரை மணிக்கு டாடா ஏஸில் கொண்டுவந்து இறக்கினார்கள். வண்டிக்காரர் அவசரப்படுத்தினார். ஷெட்டில் ஒரே ஒரு பல்பு. மேலே ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், ரம்பத்தின் தட்டும் மேசையும் ஒரே மட்டமாக இருந்தன. சாம்பல் நிற மைக்கா ஒட்டி, பார்க்க அழகாக இருந்தது. மீதி 13,000 ரூபாயை அங்கேயே ஜிபேயில் அனுப்பிவிட்டேன். நான் செய்த பெரிய தப்பு அதுதான்.

காலையில் வெளிச்சத்தில் பார்க்கும்போதுதான் பிளேடுக்குப் பின்னால் இருக்க வேண்டிய தகடு இல்லை என்று தெரிந்தது. பிளேடு மூடியையும் காணோம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் பல பேர் இந்தத் தகட்டை வேண்டாத சாமான் என்றுதான் நினைக்கிறார்கள்.

ரைவிங் நைஃப் என்று பெயர். பிளேடுக்குப் பின்னால் பிறை மாதிரி நிற்கும். பிளேடு ஏறினால் கூடவே ஏறும், இறங்கினால் இறங்கும், சாய்ந்தால் சாயும். பிளேடின் உடம்பைவிடக் கொஞ்சம் தடிமனாகவும், பல் மரத்தில் அறுக்கிற வாயை, அதாவது பிளவைவிடக் கொஞ்சம் மெல்லியதாகவும் இருக்க வேண்டும். வேலை ஒன்றே ஒன்று: அறுத்த வாய் மூடிக்கொள்ளாமல் பிடித்து வைப்பது. பிளேடின் முன்பக்கப் பல் மரத்தைக் கீழே அழுத்திக்கொண்டு வெட்டுகிறது. பின்பக்கப் பல் கீழேயிருந்து மேலே, நம்மை நோக்கி வருகிறது. அறுத்த வாய் மூடி மரம் அந்தப் பின்பல்லில் சிக்கினால், அப்படியே தூக்கி நம் மேல் எறிந்துவிடும். கிக்பேக் என்பது அதுதான். 10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4,800 சுற்று சுற்றினால் பல் நுனியின் வேகம் மணிக்கு 230 கிலோமீட்டர். கையை இழுத்துக்கொள்ள நேரமே இருக்காது.

போன் போட்டேன். “அது எதுக்கு சார்? எங்க பட்டறையில யாருமே போடறதில்ல. தட்டுல இடிச்சுது, கழட்டி வச்சிருக்கேன், பையன்கிட்ட குடுத்தனுப்பறேன்” என்றார். விஷயம் என்னவென்றால், பிளேடைச் சுற்றி அவராகவே பிளைவுட்டில் ஒரு மூடுபலகை வெட்டிப் போட்டிருந்தார். அதில் தகட்டுக்கு வழி விடவில்லை. தன் பலகையைத் திருத்துவதற்குப் பதிலாகத் தகட்டைக் கழற்றிவிட்டார். பையன் வரவே இல்லை. சரி, வரும்வரை சின்னச் சின்ன வேலை செய்வோம் என்று நானும் ஓட்டினேன். அதைச் செய்திருக்கவே கூடாது.

ஒன்பதாம் நாள். மகளுக்குப் புத்தக அலமாரிக்காக வேப்பம்பலகை, நாலடி நீளம், ஒரு அங்குலக் கனம், நீளவாக்கில் அறுத்துக்கொண்டிருந்தேன். பாதி தாண்டியதும் பலகையின் முன் நுனி பின்மேசை விளிம்பில் முட்டி நின்றது. இன்னும் கொஞ்சம் அழுத்தித் தள்ளினேன். மேசையே நகர்ந்தது. எல்லா கார் ஷெட்டும் போல என்னுடையதும் தண்ணீர் ஓட கேட் பக்கம் சரிவு. நகர்ந்த அந்த நொடியில் பலகை கோணி, ஒரு சத்தம், அப்புறம் நான் கீழே கிடந்தேன். பலகை இடது விலாவுக்குக் கீழே அடித்து, என்னைத் தாண்டிப் போய் வாசல் கதவின் கிரில்லை வளைத்திருந்தது. அந்தக் கதவுப் படியில்தான் மகள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் குடிக்க உள்ளே போய் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. எலும்பு முறியவில்லை. மூன்று வாரம் குனிய முடியவில்லை. ஆனால் இன்றைக்கும் அந்தப் படியைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

எழுந்து நடமாட ஆரம்பித்ததும் எங்கள் தெரு ஆசாரி அண்ணனைக் கூப்பிட்டு மேசையை முழுதாகப் பிரித்தோம். ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

டெலிவரி அன்று மட்டமாக இருந்தது ஏன் முட்டியது? ரம்பம் உட்காரும் உள்தட்டு 12 எம்.எம். பலகை, அடியில் ஒரு குறுக்குக் குழாய்கூட இல்லை. ஒன்பது நாளில் எடை தாங்காமல் மூன்று எம்.எம். தொய்ந்திருந்தது. ரம்பம் இறங்கினால் பின்மேசை உயர்ந்துவிடும். பின்மேசை ஒரு மயிரிழை தாழ்வாக இருக்கலாம், உயரமாக இருக்கவே கூடாது. மைக்காவின் ஓரத்தைப் பிய்த்து அண்ணன் பலகையை விரலால் சுண்டினார். “இது கமர்ஷியல் பலகை தம்பி, 710 இல்ல” என்றார். தண்ணீர் தாங்காத சாதாரண ரகம் என்று அர்த்தம். அடியில் 710 என்றும் ஐ.எஸ்.ஐ. என்றும் முத்திரை தெளிவாகவே இருந்தது. முத்திரையில் உள்ள லைசென்ஸ் எண்ணை, ஐ.எஸ்.ஐ. முத்திரை கொடுக்கும் அரசு அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் போட்டுப் பார்த்தேன். அப்படி ஒரு லைசென்ஸே வரவில்லை. ஒரு துண்டை வெட்டிப் பழைய பாத்திரத்தில் கொதிக்க வைத்தோம். 710 பலகை 72 மணி நேரக் கொதியைத் தாங்க வேண்டும் என்பது விதி. இது ஒரு மணி நேரத்தில் ஏடு ஏடாகப் பிரிந்தது.

குழாயின் வெட்டுமுனையில் தடிமன் அளக்கும் வெர்னியர் வைத்தோம், 1.2 எம்.எம். அதாவது 18 கேஜ். 14 என்றால் 2 எம்.எம். இருந்திருக்க வேண்டும். சக்கரத்தில் பிரேக் இருந்தது, இரண்டில் மட்டும். அதுவும் சக்கரம் உருள்வதைத்தான் நிறுத்தும், கழுத்து திரும்புவதை நிறுத்தாது. ஃபுல் லாக் என்றால் இரண்டும் நிற்க வேண்டும். கடையில் வாங்கும்போது மிதித்துப் பூட்டிவிட்டுக் கையால் திருப்பிப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும்.

என்னை அதிகம் பயமுறுத்தியது கரண்ட் வேலை. ரம்பத்தோடு வந்த சுவிட்ச், மேசைக்குள் மறைந்துவிடுகிறது என்று அதை பைபாஸ் செய்து, பக்கவாட்டில் வீட்டுக்குப் போடுகிற சாதாரண சுவிட்சைப் பொருத்தியிருந்தார்கள். கம்பெனி சுவிட்சில் ஒரு வசதி உண்டு: கரண்ட் போய்த் திரும்ப வந்தால் தானாக ஓடாது, நாம் மறுபடி பொத்தானை அழுத்த வேண்டும். இந்தச் சுவிட்சில் அது கிடையாது. அறுக்கும்போது கரண்ட் போகிறது, பிளேடு நிற்கிறது, சிக்கிய மரத்தை எடுக்கக் கையை விடுகிறோம், கரண்ட் வருகிறது. நம் ஊரில் இது எந்த நாளும் நடக்கக்கூடியது. போதாததற்கு 2,000 வாட் மோட்டாருக்கு 6 ஆம்ப் பிளக். கிட்டத்தட்ட 9 ஆம்ப் இழுக்கிற மோட்டார் அது. பிளக்கின் ஒரு பின் ஏற்கெனவே கறுத்துப் போயிருந்தது.

பட்டறைக்கு நேரில் போனேன். முதலில், நீங்கள் சொன்ன மாதிரிதான் செய்தோம் என்றார். வாட்ஸ்அப்பில் அவரே “14 கேஜ், 710 ஓகே சார்” என்று அனுப்பியதைக் காட்டினேன். மெட்டீரியல் கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றார். தகடும் மூடியும் எங்கே என்றால் ஸ்கிராப்பில் போயிருக்கும் என்கிறார். அடுத்த நாளிலிருந்து போனை எடுப்பதில்லை.

1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். அவர்கள் பேசியும் பட்டறையிலிருந்து பதிலில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டேன். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம், விஷயம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில் இல்லாதது எனக்கு ஒரு பலவீனம்தான். துண்டுச் சீட்டும், ஜிபே ரசீதும், வாட்ஸ்அப் செய்திகளும் என்னைக் காப்பாற்றும் என்று நம்புகிறேன்.

உங்களுக்கு ஒன்று சொல்வேன். ரம்பத்தைப் பட்டறையில் விடாதீர்கள். அளவு மட்டும் கொடுங்கள், இல்லாவிட்டால் அவர்களை வீட்டுக்கு வந்து அளவெடுக்கச் சொல்லுங்கள். இரும்புச் சட்டத்தைப் பெயின்ட் அடிக்கும் முன் போய்ப் பாருங்கள், பலகையை மைக்கா ஒட்டும் முன் பாருங்கள். ராத்திரியில் வந்தால், மீதிப் பணம் நாளைக் காலையில் என்று சொல்லிவிடுங்கள்.

ஆசாரி அண்ணனும் நானும் புதிதாகச் சட்டம் செய்துவிட்டோம். உள்தட்டுக்கு அடியில் மூன்று குறுக்குக் குழாய், வேலை நேரத்தில் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்த நான்கு மூலையிலும் திருகு கால். சர்வீஸ் சென்டரில் சொல்லிவைத்துத் தகடும் மூடியும் வாங்கினேன், வந்துசேர மூன்று வாரம் ஆயிற்று. அதுவரை ரம்பத்தின் பிளக்கைச் செருகவில்லை. முதல் வாய்தா அடுத்த மாதம். கொதித்துப் பிரிந்த பிளைவுட் துண்டைக் காயவைத்து ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன், அன்றைக்குக் கையோடு கொண்டுபோக.