மல்டிஸ்டிக்ஸ் 10 எஸ்ஜி: கர்ப்பிணிகளின் சிறுநீர்த் தொற்றைக் கண்டுபிடிக்க இந்த ஸ்ட்ரிப் போதுமா?

செக்கப்பில் "நீரில் சர்க்கரை இல்லை, உப்பும் இல்லை" என்று சொல்லி அனுப்பினால், தொற்றும் இல்லை என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அது தவறு. ஸ்ட்ரிப் என்பது சிறுநீரில் முக்கினால் நிறம் மாறும் சிறு கட்டங்கள் ஒட்டிய பட்டை. சர்க்கரையையும் புரதத்தையும் (உப்பு என்று பேச்சில் சொல்வது இதைத்தான்) மட்டும் பார்க்கும், இரண்டே கட்டங்கள் கொண்ட யூரிஸ்டிக்ஸ் ஸ்ட்ரிப்பில் தொற்றைக் காட்டும் கட்டமே கிடையாது. அதற்கு நைட்ரைட், லூக்கோசைட் (வெள்ளை அணு) என்ற இரண்டு கட்டங்கள் வேண்டும். சீமென்ஸ் நிறுவனத்தின் மல்டிஸ்டிக்ஸ் 10 எஸ்ஜி ஸ்ட்ரிப்பில் இரண்டும் உண்டு.

கர்ப்பிணிகளில் 100-க்கு 2 முதல் 10 பேர் வரை, எரிச்சலோ கடுப்போ தெரியாமலே சிறுநீரில் கிருமியோடு இருக்கிறார்கள். புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சிறுநீர்க்குழாயைத் தளர்த்துகிறது. வளரும் கருப்பை அதை அழுத்துகிறது. நீர் தேங்கினால் கிருமி மேலே ஏறச் சுலபம். சிறுநீரகத்தை எட்டிவிட்டால் குளிர்காய்ச்சல், விலாப்புற வலி, வாந்தி. குறைப்பிரசவம் வரை போகலாம். அதனால்தான் தொந்தரவு இல்லாதவர்களுக்கும் சோதனை தேவைப்படுகிறது.

ஸ்ட்ரிப்பின் பலவீனமும் இங்கேதான். ஈ.கோலை போன்ற கிருமிகள் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றும்போதுதான் அந்தக் கட்டம் இளஞ்சிவப்பாகிறது. இதற்குச் சிறுநீர் பையில் 4 மணி நேரமாவது தங்க வேண்டும். கர்ப்பிணி மணிக்கொரு தடவை எழுந்து போகிறவர்! ஆகவே காலையில் எழுந்ததும் போகும் முதல் நீரைத்தான் எடுக்க வேண்டும். என்டெரோகாக்கஸ், குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமிகள் இரண்டும் நைட்ரைட் உண்டாக்குவதில்லை. எத்தனை இருந்தாலும் கட்டம் வெள்ளையாகவே நிற்கும். வைட்டமின் சி மாத்திரை அதிகம் சாப்பிட்டாலும் அப்படித்தான்.

முன்னிருந்து பின்னாகக் கழுவிவிட்டு, முதலில் வரும் நீரை விட்டு, நடுவில் வருவதைச் சுத்தமான டப்பாவில் பிடிக்கவும். ஸ்ட்ரிப்பை முக்கியவுடன் எடுத்து, ஓரத்தை டப்பா விளிம்பில் இழுத்து வடியவிட்டு, படுக்கைவாட்டில் பிடிக்கவும். செங்குத்தாகப் பிடித்தால் ஒரு கட்டத்தின் ரசாயனம் அடுத்ததில் வழிந்து நிறம் கெடும். நைட்ரைட்டை 60 விநாடியில் பார்க்க வேண்டும், லூக்கோசைட்டை 2 நிமிடத்தில். கடிகாரம் கையில் இல்லாமல் தொடங்க வேண்டாம். கட்டம் முழுக்க ஒரே சீராக இளஞ்சிவப்பானால், எவ்வளவு வெளிறியிருந்தாலும் பாசிட்டிவ். புள்ளியோ ஓரச் சிவப்போ கணக்கில்லை. லூக்கோசைட் மட்டும் நிறம் மாறினால் வெள்ளைப்படுதல் கலந்திருக்கலாம். நன்றாகக் கழுவி மறுபடி எடுத்துப் பாருங்கள்.

டப்பாவில் 100 ஸ்ட்ரிப் இருக்கும். கிளினிக்குக்குச் சரி, ஒரு வீட்டுக்கு அதிகம். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் மூடியைத் திறந்து வைத்தால், தொற்று இல்லாமலே நைட்ரைட் கட்டம் சிவக்கும். குளியலறையிலும் ஃப்ரிட்ஜிலும் வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை எடுத்து எறியவும் வேண்டாம்.

எங்கள் கணிப்பு இது: நைட்ரைட் பாசிட்டிவ் வந்தால் பெரும்பாலும் நம்பலாம், அன்றே மருத்துவரைப் பாருங்கள். நெகட்டிவை நம்பி யூரின் கல்ச்சரை (ஆய்வகத்தில் சிறுநீரிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) தவிர்க்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதும் நடுநீர் கல்ச்சரைத்தான். ஒரு மில்லி லிட்டரில் 1 லட்சம் கிருமி வளர்ந்தால் தொற்று. எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்பதையும் கல்ச்சர்தான் சொல்லும். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கைப் போடாதீர்கள்: சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் போன்றவற்றைக் கர்ப்பத்தில் தவிர்ப்பார்கள், நைட்ரோஃப்யூரன்டாயினை நிறைமாதத்தில் தருவதில்லை.

மாத்திரை முடிந்து ஓரிரு வாரத்தில் மறுபடி கல்ச்சர் எடுக்க வேண்டும். குளிரும் காய்ச்சலும் விலா வலியும் சேர்ந்து வந்தால் ஸ்ட்ரிப்பைத் தேடாமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.