சிவப்புச் சிலிகானுக்கு அடியில் பழைய கேஸ்கெட்: ஒரு வால்வு கவர் வேலையில் நான் ஏமாந்த விதம்

பழைய மினி காரில் வால்வு கவர் (எஞ்சினின் மேலே வால்வுகளை மூடியிருக்கும் மூடி) ஓரமாக ஆயில் கசிகிறது என்று ஒரு பட்டறையில் விட்டேன். மூடியின் அடியில் கசிவை அடைக்கும் ஒரு கார்க் கேஸ்கெட்டோடு (தக்கைப் பட்டை) முடிந்திருக்க வேண்டிய வேலை, கடைசியில் எஞ்சினையே வெளியே இறக்கும் நிலைக்குக் கொண்டுபோய்விட்டது. பட்டறையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஆனால் அங்கே செய்தது போன்ற வேலை எங்கும் நடக்கக்கூடியது என்பதால், பழைய கார் வைத்திருப்பவர்கள் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்ளும் அளவுக்கு விவரமாக எழுதுகிறேன்.

என் காரில் இருப்பது ஏ-சீரிஸ் எஞ்சின். 1951-இல் ஆஸ்டின் ஏ30 காரில் அறிமுகமாகி, 2000-ஆம் ஆண்டு வரை மினியில் தொடர்ந்த அதே குடும்பம். இதன் வால்வு கவர் மெல்லிய இரும்புத் தகட்டை அழுத்தி உருவாக்கியது. அதைப் பிடித்திருப்பவை மேலே நடுக்கோட்டில் உள்ள இரண்டே நட்டுகள். ஒவ்வொன்றின் அடியிலும் கிண்ணம் போன்ற ஒரு வாஷரும், கசியாமல் அடைக்கும் ரப்பர் புஷ்ஷும் இருக்கும். இந்த நட்டுகளுக்குத் தேவையான முறுக்கு விசை சுமார் 5 நியூட்டன் மீட்டர்தான். கவருக்கு அடியில் இருக்கும் சிலிண்டர் ஹெட்டின் நட்டுகளுக்கு இதைப் போலச் சுமார் பத்து மடங்கு வேண்டும். இரண்டையும் ஒரே கைப்பலத்தில் இறுக்குகிறவரிடம் வண்டியைக் கொடுத்ததுதான் என் முதல் தவறு.

“கார்க் எல்லாம் அந்தக் காலத்துச் சரக்கு சார். சிலிகான் கேஸ்கெட் போட்டுத் தர்றேன், இனிமே ஒரு சொட்டு வராது” என்றார் பட்டறைக்காரர். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. வார்த்த சிலிகான் கேஸ்கெட் கார்க்கைவிட வெப்பத்தை நன்றாகத் தாங்கும், பலமுறை கழற்றி மாட்டலாம் என்பதெல்லாம் உண்மையே. ஒரு மணி நேரத்தில் வண்டி தயாராகிவிட்டது. பில்லில் புதிய சிலிகான் கேஸ்கெட் என்றும், பரப்புகளைச் சுத்தம் செய்த கூலி என்றும் தனித்தனியாக எழுதியிருந்தது. கவரின் ஓரம் முழுக்கச் சிவப்பாக ஏதோ பிதுங்கி நின்றதைப் பார்த்து, கெட்டியாக அடைத்திருக்கிறார் என்று நான் மகிழ்ந்துகூடப் போனேன்.

இரண்டே வாரத்தில் மறுபடியும் கசிவு. திரும்பக் கொண்டுபோனபோது நட்டுகளை இன்னும் அரைச்சுற்று இறுக்கி அனுப்பினார். அதன் பிறகு கசிவு கூடியது. மினியில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (புகையை வெளியேற்றும் குழாய்த் தொகுதி) எஞ்சினின் பின்பக்கம், ஓட்டுநர் அறையை ஒட்டி இருப்பதால், பின்விளிம்பில் வழிகிற ஆயில் நேராகச் சூடான இரும்பின் மேல்தான் விழும். சிக்னலில் நிற்கும்போது உள்ளே ஆயில் கருகும் வாடை வந்தது. மூன்றாம் முறை போனபோது கிடைத்த பதில்: “பழைய வண்டின்னா சொட்டத்தான் சார் செய்யும். சொட்டு நின்னாத்தான் பயப்படணும்.” சிரித்துக்கொண்டே சொன்னார், நான் சிரிக்கவில்லை.

அன்று மாலையே நானே கவரைக் கழற்றினேன். நட்டுகளை எடுத்த பிறகும் அது அசையவில்லை. மரக்கட்டையை வைத்துப் பக்கவாட்டில் தட்டித்தான் பெயர்க்க முடிந்தது. சிலிகான் கேஸ்கெட் என்று எதுவுமே உள்ளே இல்லை. கறுத்து, விறைத்து, ஒரு மூலையில் துண்டாக உடைந்திருந்த என் பழைய கார்க் கேஸ்கெட் அப்படியே இருந்தது. அதன் இரு பக்கமும் குழாயிலிருந்து பிதுக்கிய சிவப்புச் சிலிகான் பசையை அப்பியிருந்தார்கள். நகத்தால் நெம்பியதும் பசை ஆயிலோடு சேர்ந்து தோல்போல உரிந்து வந்தது. எண்ணெய்ப் பிசுக்கின் மேல் இந்தப் பசை ஒட்டாது. அதை முழுமையாக இறுகவிட ஒரு நாளாவது வேண்டும். ஒரு மணி நேரத்தில் சாவியைக் கையில் கொடுத்ததன் பொருள் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

கவரைக் கவிழ்க்காமல் ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து, பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். அளவுக்கு மீறி இறுக்கியதில் இரண்டு துளைகளைச் சுற்றியும் தகடு குழிந்து, விளிம்பு வளைந்து, மூலைகளின் அடியில் வெளிச்சம் கோடாகத் தெரிந்தது. இப்படி வளைந்த கவருக்கு எந்தக் கேஸ்கெட் போட்டாலும் நிற்காது.

உண்மையில் பயப்பட வைத்தது வேறொன்று. கவருக்கு வெளியே எவ்வளவு பசை பிதுங்கியதோ அவ்வளவும் உள்ளேயும் பிதுங்கியிருந்தது. வால்வுகளை அழுத்தும் ராக்கர்களைத் தாங்கும் தண்டான ராக்கர் ஷாஃப்டின் அடியில் புழுவைப் போல ஒரு துண்டு தொங்கியது, இன்னொன்று ராக்கர்களைத் தள்ளும் கம்பியான புஷ்ராடின் துளை வாயில் கிடந்தது. அந்தத் துளைகள் வழியாகத்தான் ஆயில் கீழே இறங்குகிறது. எனவே உதிர்கிற துண்டுகளும் அதே வழியில் போகும். மற்ற பல கார்களில் எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்பைக் கழற்றினால் ஆயில் உறிஞ்சும் சல்லடையை எட்டிவிடலாம். மினியிலோ எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே ஆயிலைப் பகிர்ந்துகொள்கின்றன. சல்லடை இருப்பது கியர்பாக்ஸ் கூட்டுக்குள். சில வாரங்கள் கழித்து, சூடான எஞ்சின் ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல்) ஓடும்போது ஆயில் பிரஷர் விளக்கு மினுக்கத் தொடங்கியது. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்து இறக்கி, பிரித்துப் பார்த்தபோது சல்லடையின் ஒரு பாதி சிவப்புத் துணுக்குகளால் அடைபட்டிருந்தது.

இந்த முறை வேலையை நானே செய்தேன். கவரின் விளிம்பைத் தட்டையான இரும்புக் கட்டையின் மேல் வைத்துச் சிறு சுத்தியலால் நேராக்கினேன். கண்ணாடிச் சோதனையில் ஒளி தெரியாத வரை விடவில்லை. கேஸ்கெட்டுக்கு ரப்பர் கலந்த கார்க்கைத் தேர்ந்தெடுத்தேன். கார்க்கை அழுத்தினால் தனக்குள்ளேயே சுருங்குமே தவிரப் பக்கவாட்டில் அதிகம் பிதுங்காது. தனி ரப்பர் பக்கவாட்டில் வழுக்கி வெளியேறப் பார்க்கும். மெல்லிய தகட்டுக் கவருக்குக் கார்க்கின் குணமே பொருந்துகிறது என்பது என் கருத்து. இறுக்கமான அலுமினியக் கவர் என்றால் வார்த்த சிலிகானைத் தாராளமாகப் போடலாம். வெறும் கார்க் அலமாரியில் காய்ந்து சுருங்கி, துளைக்குப் பொருந்தாமல் நிற்பதும் உண்டு. வெதுவெதுப்பான நீரில் சற்று ஊறவைத்தால் பழைய அளவுக்கு வந்துவிடும். கவர்ப் பக்கம் மட்டும் மெல்லிய படலமாக ஒட்டுப்பசை பூசி, எடை வைத்து இரவு முழுக்க விட்டேன். ஹெட் பக்கம் எதுவும் பூசவில்லை. இரண்டு ரப்பர் புஷ்ஷுகளும் கல்லாகியிருந்ததால் அவற்றையும் மாற்றினேன், ஏனென்றால் நட்டின் வழியே கசிவதையும் கேஸ்கெட் கசிவென்றே எல்லோரும் நினைக்கிறார்கள். எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீதர் குழாயை ஊதிப் பார்த்தேன். அது அடைத்திருந்தால் உள்ளழுத்தம் ஏறி, நல்ல கேஸ்கெட்டையும் தாண்டி ஆயில் வெளியேறும். கடைசியாக ஓரமெங்கும் முகப்பவுடர் தூவி எஞ்சினை ஓட்டினேன். பவுடர் எங்கும் நனையவில்லை.

பழைய கேஸ்கெட்டையும் பில்லையும் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். கார்க் நன்றாக இருந்ததால் மாற்றவில்லை, பில் எழுதிய பையன் தவறாக எழுதிவிட்டான் என்றார் பட்டறைக்காரர். பணம் திரும்பவில்லை, அடுத்த ஆயில் மாற்றும் கூலி இலவசம் என்றார். சல்லடையில் எடுத்த சிவப்புத் துணுக்குகளை ஒரு சிறிய கண்ணாடிக் குப்பியில் போட்டு அவருடைய மேசை மீது வைத்துவிட்டு வந்தேன்.