சைலன்சர் என்று சொல்லி 1,840 பவுண்டுக்கு வெறுங்குழாயைத் தலையில் கட்டிவிட்டார்கள்

வியாழக்கிழமை மதியம் நானே கட்டிய கார் ஐ.வி.ஏ. சோதனையில் (இப்படிக் கட்டிய வண்டியைச் சாலையில் விட இங்கே வைக்கும் சோதனை) சத்தம் அதிகம் என்று தோற்றது. இன்று சனிக்கிழமை. கோபம் ஆறவில்லை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன பணம் 1,840 பவுண்டு. இங்கே இங்கிலாந்தில் இருக்கும் நம் ஆட்களில் கிட் கார் கட்டுகிறவர்கள் சிலர் உண்டு, அவர்களாவது மாட்டாமல் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். பட்டறையின் பெயரைப் போட மாட்டேன். மிட்லண்ட்ஸ் பக்கம் ஒரு தொழிற்பேட்டை, எக்ஸாஸ்ட் குழாய் மட்டும் செய்து தரும் சின்ன ஷெட், முதலாளியும் ஒரு பையனும். அவ்வளவுதான் சொல்வேன்.

தெரியாதவர்களுக்கு: கிட் கார் என்றால் சேஸிஸ், பாடி, பிரேக் பைப் எல்லாம் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும், நாமே கராஜில் பூட்டிக்கொள்ள வேண்டிய வண்டி. என்னுடையது கோப்ரா நகல். அசல் கோப்ரா 1962இல் வந்தது. ஏ.சி. என்ற ஆங்கிலேயக் கம்பெனியின் மெலிந்த உடம்புக்குள் கேரல் ஷெல்பி என்ற அமெரிக்கர் ஃபோர்டு வி8 எஞ்சினைத் திணித்ததில் பிறந்த வண்டி. என்னுடையதில் ரோவர் வி8, 3.9 லிட்டர். மூன்று வருடம் சனி ஞாயிறு பாராமல் கட்டினேன். இரண்டு பக்கமும் கதவுக்குக் கீழே பளபளவென்று குழாய் ஓடுமே, அந்த அழகுக்காகத்தான் இந்த வண்டியையே தேர்ந்தெடுத்தேன். வினையும் அங்கேதான் வந்தது.

கிட்டோடு வந்த பக்கக் குழாய்கள் காது கிழிய அலறின. பக்கத்து வீட்டுப் பெரியவர் முதல் தடவை சிரித்தார், இரண்டாம் தடவை ஜன்னலை மூடினார், மூன்றாம் தடவை கதவைத் தட்டினார். கடன் வாங்கிய மீட்டரில் நானே அளந்தபோது 106 டெசிபல். சாலையில் ஓட்டப் பதிவெண் வேண்டுமென்றால் முதலில் ஐ.வி.ஏ. சோதனையில் தேற வேண்டும், அங்கே வரம்பு 99. குழாய் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 டிகிரி கோணத்தில் மைக்கை வைத்து, உச்ச சக்தி வரும் சுழற்சியில் முக்கால் பங்குக்கு எஞ்சினை முறுக்கி அளப்பார்கள். என் எஞ்சினுக்கு அது நிமிடத்துக்கு மூவாயிரத்து ஐநூறு சொச்சம் சுற்று. ஏழு டெசிபல்தானே என்று நினைக்கலாம். மூன்று டெசிபல் குறைத்தாலே ஒலியின் ஆற்றல் பாதியாக வேண்டும். ஏழு குறைய வேண்டுமானால் ஐந்தில் ஒரு பங்காக வேண்டும்.

அதிலும் பக்கக் குழாயில் இது லேசான வேலை இல்லை. சாதாரண காரில் முன்னாலிருந்து பின்பக்கம் வரை குழாய் ஓடும், வழியில் இரண்டு மூன்று பெட்டி வைக்கலாம். இதில் கிடைப்பது ஒரு மீட்டர் சொச்சம், அதற்குள் எல்லாம் முடிய வேண்டும். இடது நாலு சிலிண்டர் இடது பக்கம், வலது நாலு வலது பக்கம், நடுவே இரண்டையும் இணைக்கும் குறுக்குக் குழாய்க்கு இடமே இல்லை. போதாததற்கு வி8இல் ஒரு பக்கத்து நாலும் சீரான இடைவெளியில் வெடிக்காது. இரண்டு வெடிப்பு அடுத்தடுத்து வரும், பிறகு ஒரு இழுவை. அந்தத் தடதடப்புதான் இந்த எஞ்சினின் சங்கீதம், அடக்கக் கஷ்டமானதும் அதுதான். அடக்க ஒரே வழி தடிமனான வெளிக்குழாய், உள்ளே நீளம் முழுக்கத் துளையிட்ட குழாய், இரண்டுக்கும் நடுவே சூடு தாங்கும் பஞ்சை இறுக்கமாக அடைப்பது. சத்தம் துளை வழியே பஞ்சுக்குள் போய்ச் செத்துவிடும்.

இதையெல்லாம் எனக்குப் பாடம் எடுத்ததே அந்த முதலாளிதான். நான் ஏமாந்த இடம் அது. வண்டியை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போயிருந்தேன். மனுஷன் டீ போட்டுக் கொடுத்தார், தரையில் மண்டி போட்டு சாக்பீஸால் குழாயின் வெட்டுத் தோற்றத்தை வரைந்தார். வெளிக்குழாய் ஐந்து அங்குலம், உள்குழாய் இரண்டரை, எவர்சில்வரில் 304 என்ற நல்ல ரகம், பசால்ட் என்ற எரிமலைப் பாறை நூல் பஞ்சு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அங்கே நின்றிருந்த இன்னொருவரின் நீல நிற செவன் வகை வண்டியை (சின்னத் திறந்த ஸ்போர்ட்ஸ் கார்) ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல், ஓடவிட்டு, தன் போனில் டெசிபல் ஆப்பைக் காட்டினார். 78. எனக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. ஐடிலிங்கில் வாயு சொட்டுச் சொட்டாகத்தான் வெளியே வரும், எந்த ஓட்டைக் குழாயும் அப்போது சாதுவாகத்தான் இருக்கும் என்பது பொறியியல் படித்த என் மண்டைக்கு அந்த நிமிடம் ஏறவில்லை.

விலை ஜோடிக்கு 1,840 பவுண்டு. கார்டு மெஷின் ரிப்பேர் என்றார். பில் வேண்டாம் என்றால் வாட் வரி இல்லாமல் முடித்துத் தருகிறேன் என்றார். இருபது சதவீதம் மிச்சமாகிறதே என்று எனக்கும் சபலம். ஒத்துக்கொள்கிறேன், அது என் தப்பு. முன்பணம் 1,000, எடுக்கும்போது 840, இரண்டும் பேங்க் டிரான்ஸ்ஃபர். புத்தியாகச் செய்தது ஒன்றே ஒன்று. வாட்ஸ்அப்பில் "95க்குக் கீழே வருமா?" என்று கேட்டேன். "கேரண்டி, மேட்" என்று பதில் வந்தது. அவர் எழுத்தில் கொடுத்த ஒரே உறுதி அதுதான்.

மூன்று வாரம் என்றவர் ஒன்பது வாரம் இழுத்தார். போய் எடுத்தபோது குழாய் கண்ணாடி போல் மின்னியது. அவரே பூட்டி, கிளப்பி, "பூனை மாதிரி உறுமுது பார்" என்றார். ஐடிலிங்கில்தான். முறுக்கிப் பார்க்கலாமா என்று கேட்டேன், பக்கத்து ஷெட்காரர் சண்டைக்கு வருவார் என்றார். என் வீட்டிலும் அதே கதைதானே, நியாயம்தான் என்று கிளம்பிவிட்டேன்.

அடுத்த வாரம் எஞ்சினை ட்யூன் செய்ய ரோலிங் ரோட்டில் (நின்ற இடத்திலேயே சக்கரம் உருளைமேல் சுழலும் சோதனை மேடை) ஒரு மணி நேரம் ஓடியது. வீட்டுக்குக் கொண்டுவந்து டிரெய்லரிலிருந்து இறக்கி, டிரைவ்வேயில் ஒரு தடவை கிளப்பினேன். மறுநாள் காலை பார்த்தால் குழாய் வாய்க்குக் கீழே தரையெல்லாம் மஞ்சள் பஞ்சு, இலவங்காய் வெடித்த மாதிரி. போன் போட்டேன். "பெடிங் இன் ஆகுது, கொஞ்சம் வெளியே துப்பும், நார்மல்" என்றார். நம்பினேன். இரண்டாவது தடவையும் நம்பினேன் பாருங்கள், அதுதான் வயிற்றெரிச்சல்.

வியாழக்கிழமை சோதகர் மைக்கை வைத்தார். இடது 104, வலது 105. பழைய குழாயில் 106 என்று சொன்னேன் அல்லவா? ஒரு டெசிபலுக்கு 1,840 பவுண்டு. மறுசோதனைக் கட்டணம் தனி.

வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த பிள்ளையார் காந்தத்தை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போனேன். 304இல் வளைத்த இடத்திலும் வெல்டிங் அருகிலும் லேசாக இழுக்கலாம், மற்றபடி காந்தம் நிற்காது. பிள்ளையார் 'டப்' என்று உட்கார்ந்துவிட்டார், நீளம் முழுக்க. விலை குறைந்த ரகம், ஒரு குளிர்காலத்து உப்புச் சாலையிலேயே துரு பூக்கும். ஆத்திரத்தில் கிரைண்டரை எடுத்து வலது குழாயை நீளவாக்கில் அறுத்தேன். உள்குழாயில் நடுவே ஒரு சாண் அளவுதான் துளை. மீதி முழுக்க மொட்டைக் குழாய். பஞ்சு என்று உள்ளே இருந்தது இரண்டு கைப்பிடி, வீட்டு லாஃப்ட்டில் குளிருக்குப் போடுவார்களே, அந்தக் கண்ணாடிப் பஞ்சு. அதன் பிசின் முதல் சூட்டிலேயே கருகிப் போயிருந்தது. வெல்டிங்கின் உட்பக்கம் காற்று படாமல் காக்கும் ஆர்கான் வாயு விடாமல் செய்ததால் அடிப்பிடித்த பாகு மாதிரி கறுத்துப் பொரிந்திருந்தது. வெளியே மட்டும் கண்ணாடி மெருகு.

படம் எடுத்து அனுப்பினேன். முதலில், உன் எஞ்சினில் பெட்ரோல் அதிகம் போகிறது, அதனால்தான் பஞ்சு எரிந்தது என்றார். சோதனை மையத்து மீட்டர் தப்பாக இருக்கும் என்றார். காந்தம் ஒட்டுவதைச் சொன்னதும், "எல்லா எவர்சில்வரும் கொஞ்சம் ஒட்டும்" என்றார். கடைசியில், "நீ அறுத்துவிட்டாயே, அறுத்தால் வாரண்டி கிடையாது" என்றார். அறுக்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். பையன் லீவில் இருக்கிறான், திங்கட்கிழமை பேசலாம் என்று வைத்துவிட்டார். அதன் பிறகு நீல டிக் மட்டும் வருகிறது, பதில் வருவதில்லை.

வங்கியில் கேட்டேன். மோசடிப் பிரிவில் ஒரு பெண் பொறுமையாகத்தான் பேசினாள். பொருள் கைக்கு வந்துவிட்டது, தரம் சரியில்லை என்றால் அது சிவில் தகராறு, மோசடிக்கான திருப்பித் தரும் திட்டத்தில் சேராது என்றாள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் 1974ஆம் வருட கன்ஸ்யூமர் கிரெடிட் சட்டம், 75ஆம் பிரிவில் கார்டு கம்பெனியையே பிடித்திருக்கலாமாம், 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரையுள்ள பொருளுக்கு. மெஷின் ரிப்பேர் என்று ஏன் சொன்னார் என்பது இப்போதுதான் புரிகிறது. என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டாள். "பில் வாங்கினீங்களா?" பதில் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.

ஆலோசனை என்று விரிவாக எழுத உட்கார்ந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. ஐடிலிங்கில் காட்டுகிறவரை நம்பாதீர்கள், மூவாயிரத்து ஐநூறில் உங்கள் சொந்த மீட்டரில் அளந்துவிட்டு மிச்சப் பணத்தைக் கொடுங்கள். காந்தம் கொண்டு போங்கள். மூடி வெல்டிங் வைப்பதற்கு முன் உள்குழாயின் படம் கேளுங்கள், ஒழுங்கானவன் சந்தோஷமாக அனுப்புவான். வெல்டிங் வைத்து மூடாமல், கழற்றி மறுபடி பஞ்சு அடைக்கிற மாதிரி ரிவெட் போட்ட மூடி கேளுங்கள், நல்ல பஞ்சும் என்றைக்காவது தீரும். கார்டு வாங்காதவரிடம் நிற்காதீர்கள். இவ்வளவுதான் இப்போது தோன்றுகிறது.

2015ஆம் வருட நுகர்வோர் உரிமைச் சட்டத்தைக் காட்டி, பதினான்கு நாளில் 1,840 பவுண்டையும் திருப்பித் தராவிட்டால் ஸ்மால் கிளெய்ம்ஸ் நீதிமன்றம் என்று கடிதம் அடித்து வைத்திருக்கிறேன். அங்கே 10,000 பவுண்டு வரை வக்கீல் இல்லாமலே வழக்குப் போடலாம். திங்கட்கிழமை காலை தபாலில் கையெழுத்து வாங்கும்படி அனுப்புகிறேன். அறுத்த குழாயை அப்படியே துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். அறுக்காத இடது குழாயைத் தொடவில்லை, அது நீதிபதிக்கு.

அந்த நீல வண்டிக்காரர் யாரென்று தெரியவில்லை. நம்பர் பிளேட்டைக்கூட அன்று நான் கவனிக்கவில்லை. யாருக்காவது அவரைத் தெரிந்தால், ஒரு காந்தத்தை எடுத்து வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.