நீண்ட வண்டிப்பாதைக்கு எந்தக் கல்? கூழாங்கல், வெறும் ஜல்லி, தூள் கலந்த ஜல்லி: ஓர் அலசல்

கேட்டிலிருந்து வீட்டு வாசல் வரை 300 அடி நீளம், 10 அடி அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை அடி கனத்துக்குக் கல் போட்டால் 1,500 கன அடி, அதாவது 15 யூனிட். ரோலர் ஏறியதும் கல் அமுங்கும். அதற்குக் கால் பங்கு கூட்டினால் கிட்டத்தட்ட 19 யூனிட் ஆகிவிடும். இத்தனையையும் கொட்டிப் பரப்பிய பிறகு கல் சரியில்லை என்று தெரிந்தால் அள்ளி எடுக்கக் கூலியே பாதி உயிரை வாங்கிவிடும். அதனால் லாரிக்குச் சொல்லும் முன்பே யோசித்துவிடுவது நல்லது.

கண்ணுக்கு முதலில் பிடிப்பது கூழாங்கல்தான். மழை நனைத்த கூழாங்கல்லின் நிறத்துக்கு ஜல்லி ஈடாகாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு கை நிறையக் கூழாங்கல்லை அள்ளி இறுக்கிப் பாருங்கள். விரலிடுக்கில் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். மறு கையில் முக்கால் அங்குல ஜல்லியை அள்ளி அதே மாதிரி இறுக்குங்கள். ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு நகராது, உள்ளங்கையில் குத்தும். அந்தக் குத்தும் முனைகள்தான் காரின் எடையைத் தாங்குகின்றன. கூழாங்கல் பாதையில் சக்கரம் போகும் இடம் பள்ளமாகும், நடுவில் வரப்பு எழும், வளைவில் கல் புல்வெளிக்குப் போய்விடும். நடைபாதைக்கோ செடி ஓரத்துக்கோ தாராளமாகப் போடலாம். வண்டி ஓடும் நீண்ட பாதைக்கு வேண்டவே வேண்டாம் என்பேன்.

முனையுள்ள கல்லின் பெருமை புதிதல்ல. 1816-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதிச் சாலைகளின் பொறுப்பை ஏற்ற ஸ்காட்லாந்துக்காரர் ஜான் மெக்காடம் சொன்னதும் இதைத்தான்: சிறிதாக உடைத்த கல்லைப் போடு, தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள், அடிமண் காய்ந்திருந்தால் அதுவே பாரம் தாங்கும். அதே காலத்துப் பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்டோ, அடியில் பெரிய கற்களைக் கையால் அடுக்கி அதன் மேல் சிறு கல் போட வேண்டும் என்றார். கெட்டியான மண் என்றால் மெக்காடம் வழி போதும். களிமண், சதுப்பு என்றால் டெல்ஃபோர்டைப் போல அடியில் கனமாகப் போட்டுத்தான் ஆக வேண்டும்.

ஆனால் மெக்காடம் முறையில் இன்று அப்படியே எடுத்துக்கொள்ள முடியாத ஒன்று உண்டு. அன்றைய இரும்புப் பட்டை போட்ட சக்கரங்கள் ஓட ஓடக் கல்லை அரைத்துத் தூளாக்கின. அந்தத் தூள் இடுக்குகளில் இறங்கிச் சாலையை இறுக்கியது. காற்றடைத்த ரப்பர் டயர் வந்ததும் கதை மாறியது. அது கல்லை அரைப்பதில்லை, இருக்கும் தூளையும் கிளப்பி விடுகிறது. ஆகவே நமக்கு வேண்டிய தூளை நாமே முதலிலேயே கலந்து போட வேண்டியிருக்கிறது. வெறும் ஜல்லியா, தூள் கலந்த ஜல்லியா என்ற கேள்வி இங்கேதான் வருகிறது.

பத்து லிட்டர் வாளி நிறைய ஒரே அளவு ஜல்லியைப் போட்டு, அளந்து தண்ணீர் ஊற்றுங்கள். ஏறக்குறைய நான்கு லிட்டர் உள்ளே போகும். வாளியில் பாதிக்குச் சற்றுக் குறைவான இடம் வெறும் காற்றுதான் என்று அப்போது புரியும். இந்தக் காலியிடம் அடித்தளத்துக்கு வரம்: நீர் நிற்காமல் இறங்கும். மேல்தளத்திலோ இதுவே வினை. கல்லைப் பிடிக்க ஆள் இல்லாததால் டயர் திரும்பும் ஒவ்வொரு முறையும் உருளும்.

தூள் கலந்த ஜல்லியில் முக்கால் அங்குலம், அரை அங்குலம், சிப்ஸ் எனும் பொடிச் சில்லு, தூள் எல்லாம் சேர்ந்திருக்கும். பெரியதன் இடுக்கைச் சிறியது அடைக்கும். லேசாக நனைத்து ரோலர் ஓட்டினால் பலகை போல் இறுகிவிடும். அந்தத் தூள் எந்தக் கல்லின் தூள் என்பதும் முக்கியம். சுண்ணாம்புக்கல் தூள் நனைந்து காய்ந்தால் தானே பற்றிக்கொள்ளும். கருங்கல் தூளுக்கு அந்தக் குணம் குறைவு; பிசுக்குள்ள மண் கொஞ்சம் சேர்த்தால் பிடிக்கும். சேறாகும் அளவுக்குப் போட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான். ஈரக் கலவையைக் கையில் பிடித்து விட்டுப் பாருங்கள்: உருண்டை உடையாமல் நிற்க வேண்டும், கையிலும் அப்பக் கூடாது. வெயிலில் தூசி பறக்கும் என்ற குறை இதற்கு உண்டு. ஜன்னல் பக்கத்தில் பாதை ஓடினால் அதையும் நினைவில் வையுங்கள்.

ஆகவே என் தேர்வு ஒரே கல் அல்ல. அடியில் ஒன்றரை அங்குல ஜல்லி, மேலே இரண்டு மூன்று அங்குலம் தூள் கலவை. செலவைக் குறைக்க வேண்டுமென்றால் நிறம் பார்த்து வாங்கும் மேல்கல்லில் குறையுங்கள், அடித்தளத்தில் கை வைக்காதீர்கள்.

களிமண் என்றால் ஜல்லிக்குக் கீழே ஜியோடெக்ஸ்டைல் துணி (மண்ணும் கல்லும் கலக்காமல் பிரித்து, நீரை மட்டும் விடும் செயற்கைத் துணி) விரிப்பதா வேண்டாமா என்று சிலர் யோசிக்கிறார்கள். விரித்துவிடுங்கள். துணி இல்லாவிட்டால் மழைக்காலத்தில் கல் கீழே புதையும், சேறு மேலே வரும், மறுபடி மறுபடி கல் வாங்கிக்கொண்டே இருப்பீர்கள். தோட்டத்தில் களைக்குப் போடும் மெல்லிய துணி இதற்குத் தாங்காது. சாலை வேலைக்கென்று வரும் நெய்த வகைதான் வேண்டும். மணற்பாங்கான கெட்டி நிலத்தில் அந்தச் செலவு மிச்சம்.

கல் வந்த பிறகு கவனிக்க வேண்டியவை சில உண்டு. மேல்மண்ணை வேரோடு வழித்தெடுத்த பிறகே கல் இறங்க வேண்டும். கலவையைக் குவியலாகக் கொட்டினால் பெரிய கல் ஓரத்துக்கு உருண்டு தூள் நடுவில் தங்கிவிடும், அதனால் ஜேசிபியால் ஒருமுறை புரட்டிவிட்டுப் பரப்பச் சொல்லுங்கள். நான்கு அங்குலத்துக்கு மேல் ஒரே அடுக்காகப் போட்டால் சிறிய ரோலரின் அழுத்தம் அடிவரை போகாது. பத்தடிப் பாதைக்கு நடு முதுகு ஓரத்தைவிட இரண்டரை அங்குலம் உயர்ந்திருக்கட்டும், அப்போதுதான் மழைநீர் இரு பக்கமும் வழிந்து வாய்க்காலுக்குப் போகும். அடி ஜல்லியில் இறங்கும் நீருக்கும் வெளியேற வழி விட்டிருக்க வேண்டும்; இல்லையென்றால் துணியும் ஜல்லியும் சேர்ந்து மூடிய தொட்டியாகிவிடும்.

ஏற்றம் இருந்தால் கணக்கு மாறும். பத்தடிக்கு ஓரடிக்கு மேல் ஏறும் இடத்தில் தூள் கலவையை மழை அரித்துக்கொண்டு போகும், வெறும் ஜல்லியோ டயருக்கு அடியில் சறுக்கும். அந்தத் துண்டுக்கு மட்டும் தேன்கூடு போன்ற பிளாஸ்டிக் கட்டம் பதித்து அதற்குள் அரை ஜல்லி நிரப்புவது சரியாக இருக்கும். முழு நீளத்துக்கும் அது தேவையில்லை.

பிரேக் போடும் இடத்திலும் வேகம் எடுக்கும் இடத்திலும் நாளடைவில் அலை அலையாக வரி விழும். மேலே புதுக் கல்லைத் தூவினால் சில வாரங்களில் அதே வரி திரும்ப வரும். வரியின் அடிமட்டம் வரை கொத்திக் கிளறி, நனைத்து, மறுபடி ரோலர் ஓட்ட வேண்டும். இதற்கென்றே அரை யூனிட் கலவையைத் தார்ப்பாய் போட்டு மூடி ஒரு மூலையில் வைத்திருங்கள்.